ஏடிழந்த ஆசான்

ஆசிரிய கலாசாலையிலே நான் பயின்ற நாளில், கொமேனியஸ் என்னும் பெயர் எனக்கு ஐந்து புள்ளி பெறும் ஒரு வினாவுக்கு விடையாக மட்டுமே இருந்தது. அவர் பிறந்த ஆண்டு, யாத்த நூல்களுள் இரண்டின் பெயர், எளியதிலிருந்து அரியதற்குச் செல்லவேண்டும் என்னும் விதி ஆகிய இவற்றை மனனஞ் செய்தேன், எழுதினேன், தேறினேன், மறந்தேன்.

அவரை நான் மெய்யாக அறிந்துகொண்டது பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1996ஆம் ஆண்டிலேயாகும். அதற்கு முந்திய ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தபோது நானும் பெயர்ந்தேன். தமிழும் வரலாறும் கற்பித்து வந்த காலத்தில், ஆண்டுதோறும் திருத்தியும் கூட்டியும் சேர்த்த பாடக்குறிப்புக் கொப்பிகள் பதினொன்றும், கையால் வரைந்த தேசப்படங்களும் வீட்டு அலுமாரியிலேயே தங்கிவிட்டன. சைக்கிளிலே முதிய தாயாரை ஏற்றிக்கொண்ட எனக்குக் கொப்பிகளை ஏற்ற இடமிருக்கவில்லை. மீண்டு வந்து பார்த்தபோது அலுமாரியும் அங்கில்லை. மனம் சோர்ந்திருந்த அந்நாட்களில், நண்பரொருவர் தந்த கல்வி வரலாற்று நூலொன்றில் கொமேனியஸின் வாழ்க்கையை மறுபடியும் படித்தேன். நான் முன்பு மனனஞ் செய்த மனிதர் அல்லர் அவர். அக்கதையையே இங்கே சொல்லப் புகுகின்றேன்.

யோவான் அமோஸ் கொமேனியஸ் 1592ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆம் நாள் மொறேவியா நாட்டிலே பிறந்தார். இன்றைய செக் குடியரசின் கிழக்குப் பகுதியே அந்நாடு. பன்னிரண்டு வயதளவில் தாயும் தந்தையும் இன்றி அநாதையானார். உறவினர் ஆதரவில் வளர்ந்த அவர், இலத்தீன் பள்ளியிற் சேர்ந்தபோது பதினாறு வயது இளைஞர். தம்மினும் மிகச் சிறிய பிள்ளைகளோடு ஒரே வாங்கிலிருந்து பயிலவேண்டியிருந்தது. தாமதமாகக் கிடைத்த அக்கல்வியே அவருக்கு ஒரு பேறாயிற்று. சிறு பிள்ளைகள் வாய்பேசாது பொறுத்துக்கொண்ட கொடுமையை, வளர்ந்த பிள்ளையாகிய அவர் நின்று நிதானித்துப் பார்த்தார். பொருள் விளங்காத இலக்கண விதிகளை முதலில் நெட்டுருப் பண்ணுவது, தவறினால் பிரம்படி படுவது, இவற்றுக்கிடையே ஆண்டுகள் கழிந்து போவது என்பதே அன்றைய பள்ளி முறையாயிருந்தது. குற்றம் பிள்ளையிடத்ததன்று, முறையிடத்ததே என்னும் தெளிவு அவருக்கு மாணவனாயிருந்தபோதே உண்டாயிற்று.

ஜேர்மனியிலே கெர்போர்ன், கைடல்பெர்க் ஆகிய நகரங்களில் உயர்கல்வி முடித்து 1614இல் நாடு திரும்பித் தாம் பயின்ற பிரெறோவ்ப் பள்ளியிலேயே ஆசிரியரானார். செய்த முதற் காரியங்களுள் ஒன்று, பிள்ளைகளுக்காக எளிய இலக்கண நூலொன்றை ஆக்கியதாகும். இதற்கு முன்னரே, கெர்போர்னில் மாணவராயிருந்த 1612ஆம் ஆண்டிலே, தம் தாய்மொழியாகிய செக் மொழியின் சொல்வளம் முழுவதையும் திரட்டும் பேரகராதி வேலையையும் தொடங்கியிருந்தார். இவ்வகராதியை வாசகர் மனத்திலிருத்திக் கொள்ளவேண்டும்.

1618ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலே மூண்ட சமயப் போர் முப்பதாண்டுகள் நீடித்தது. 1620 நவம்பரில் வெண்மலை என்னுமிடத்தில் பொகீமியப் படை தோற்றது. கொமேனியஸ் மொறேவியச் சகோதரர் என்னும் சீர்திருத்தச் சபையின் குரவர். ஃபுல்னெக் என்னும் ஊரில் சபையையும் பள்ளியையும் ஒருங்கே நடத்தி வந்தவர். வென்றவர் கத்தோலிக்கப் பேரரசர். அடுத்த ஆண்டு படைகள் அவ்வூரைச் சூறையாடின. கொமேனியஸ் தலைமறைவானார். 1622இல் அவர் இளம் மனைவியும் இரு குழந்தைகளும் கொள்ளை நோய்க்கு இரையாயினர். அவர் சேர்த்த நூல்களும் அழிந்தன. சில ஆண்டுகள் பிரபுக்களின் நிலங்களில் ஒளிந்து வாழ்ந்தபின், 1628ஆம் ஆண்டு மாரிக்காலத்தில் மலை கடந்து போலந்து நாட்டு லெஷ்னோ நகரை அடைந்தார். பிறந்த மண்ணில் நிலையாக வாழும் பேறு அவருக்குப் பின் ஒருபோதும் வாய்க்கவில்லை.

ஏதிலியாய் வந்து சேர்ந்த ஊரிலும் அவர் பள்ளிக்கூடத்துக்கே சென்றார். ஊர் மீளும் காலம் வந்தால் இடிந்து போன நாட்டை எங்கிருந்து கட்டத் தொடங்குவது என்ற வினா அவரை வருத்தியது. பள்ளியிலிருந்தே என்பது அவர் கண்ட விடை. அந்நோக்கத்தோடு தம் மொழியிலே எழுதத் தொடங்கியதே பெரும் போதனையியல் என நாம் வழங்கும் நூல். ஆண்பெண், செல்வர் வறியர் என்ற வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அழைக்கவேண்டும்; முதலிலே தாய்மொழியிற் கற்பிக்கவேண்டும்; விதியின் முன் எடுத்துக்காட்டும், சொல்லின் முன் பொருளும் வரவேண்டும்; கற்கவில்லை என்பதற்காகப் பிள்ளையை அடித்தலாகாது என்பன அந்நூலின் சாரம். இவை இன்று நமக்குப் பழகிய செய்திகள். அன்றோ அவை புரட்சி.

ஆயினும் அவரை ஐரோப்பா அறிந்தது இந்நூலாலன்று, வகுப்பறைப் பாடநூலொன்றினாலேயே என்பது ஆசிரியராகிய நாம் கவனிக்கத்தக்கது. 1631இல் வெளியான மொழிகளின் திறந்த வாயில் என்பதே அந்நூல். உலகப் பொருள்கள் யாவற்றையும் நூறு தலைப்புகளாகப் பகுத்து, ஏறத்தாழ எண்ணாயிரம் சொற்களை ஆயிரம் வாக்கியங்களில் அமைத்தார். தீ, நீர், விலங்கு, வீடு, தொழில், அரசு, அறம் எனப் பாடம் படிப்படியாக ஏறிச் செல்லும். பிள்ளை இலத்தீனைக் கற்கும்போதே உலகையும் கற்றது. சில ஆண்டுகளுக்குள் அந்நூல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் பெயர்க்கப்பட்டது.

இந்நூலின் பிறப்பிலே என் மனத்தைக் கவர்ந்த செய்தியொன்றுண்டு. இவ்வமைப்பின் முதற் கரு கொமேனியஸுடையதன்று. ஸ்பெயின் நாட்டுச் சலமங்கா நகரில் வாழ்ந்த அயர்லாந்து இயேசு சபைத் துறவியர், 1611ஆம் ஆண்டிலே இதே போக்கில் ஒரு நூல் வெளியிட்டிருந்தனர். கொமேனியஸை நாட்டைவிட்டுத் துரத்தியதும் அத்துறவியர் சார்ந்த கத்தோலிக்கத் தரப்பே. அப்படியிருந்தும், நல்ல பாடமுறையை மாற்றார் கையிலிருந்து பெறுவதற்கு அவர் கூசவில்லை, பெற்றதை மறைக்கவுமில்லை. நூலின் பெயரைக்கூட அவர்களிடமிருந்தே எடுத்துக்கொண்டு, குறை கண்ட இடத்தில் திருத்தி, தமது நூலை யாத்தார்.

பாடநூலின் புகழ் அவரை நாடு நாடாக அழைத்தது. 1641இல் இலண்டன் சென்றார். மறு ஆண்டு அங்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. சுவீடன் நாட்டவர் தம் பள்ளிகளுக்கு நூல்கள் வேண்டுமென்றனர். எல்பிங் நகரில் ஆறு ஆண்டுகள் அப்பணியிற் கழிந்தன. சுவீடன் வென்றால் ஊர் மீளலாம் என்ற நம்பிக்கையும் அவ்வுழைப்பினுள் இருந்தது. 1648இல் சமாதானம் வந்தது. பொகீமிய ஏதிலிகளுக்கு அதில் இடமிருக்கவில்லை. அவரது இரண்டாம் மனைவி இறந்ததும் அவ்வாண்டிலேயே.

1650இல் அங்கேரி நாட்டுச் சாறொஷ்பட்டாக் பள்ளியைச் சீர்திருத்தச் சென்றார். அங்கே பிள்ளைகள் உற்சாகமின்றி இருக்கக் கண்டு, தம் பாடநூலையே எட்டு நாடகங்களாக மாற்றி மேடையேற்றினார். நாடகம் பள்ளிக்குத் தகாது என்று முதலில் எதிர்த்தவர் அங்கிருந்த ஆசிரியர்களே. உலகம் படங்களில் என்னும் நூலையும் அங்கேயே எழுதினார். நூற்றைம்பது பாடங்கள், பாடந்தோறும் ஒரு படம், படத்திலுள்ள பொருளுக்கு ஓர் எண், அதே எண்ணோடு அப்பொருளின் பெயர் தாய்மொழியிலும் இலத்தீனிலும். தொடக்கத்திலுள்ள அரிச்சுவடியிலோ ஒவ்வோர் எழுத்தொலிக்கும் அவ்வொலியெழுப்பும் உயிரினத்தின் படம் முதலியன. படங்களை மரத்திற் செதுக்க வல்லார் அவ்வூரில் இலராகையால் ஏடு நூரம்பெர்க் நகருக்கு அனுப்பப்பட்டு, 1658ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. நம் பாலர் வகுப்புப் படநூல்கள் அனைத்துக்கும் இதுவே மூத்தது எனலாம்.

அந்நூல் வெளிவருமுன்னரே பேரிடி விழுந்தது. 1654இல் அவர் லெஷ்னோவுக்கு மீண்டிருந்தார். மறு ஆண்டு சுவீடன் மன்னன் போலந்தின்மேற் படையெடுத்தான். கொமேனியஸ் அம்மன்னனைப் புகழ்ந்து ஒரு நூல் எழுதினார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தமக்கும் தம்மவர்க்கும் புகலிடந் தந்த நாட்டின்மேற் படையெடுத்தவனைப் புகழ்ந்தது அவர் செய்த பெரும் பிழை. நாடு திரும்பும் ஆசை கண்ணை மறைத்தது என்று காரணம் கூறலாம். பிழையில்லை என்று கூறல் இயலாது. 1656 ஏப்ரலில் போலந்துப் படைகள் லெஷ்னோவைத் தீயிட்டன. உயிர் தப்பியது. வீடு, நூலகம், கையெழுத்து ஏடுகள் யாவும் சாம்பராயின. 1612ஆம் ஆண்டு தொட்டு நாற்பத்து நான்கு ஆண்டுகளாகத் திரட்டிய செக் மொழிப் பேரகராதியும் அத்தீயில் மறைந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு.

இவ்விடத்தில் நான் நூலை மூடிவைத்துச் சிறிது நேரம் இருந்தேன். பதினொரு கொப்பிகளுக்காக அழுதவன் நான். நாற்பத்து நான்கு ஆண்டு உழைப்பை இழந்தவர் அடுத்து என்ன செய்தார் என்பதை அறியும் ஆவலும், அறிய ஒருவகை அச்சமும் எனக்கிருந்தன.

அவர் ஒல்லாந்தின் ஆம்ஸ்ரர்டாம் நகருக்குச் சென்றார். பழைய புரவலர் குடும்பமும் நகரத்தாரும் ஆதரித்தனர். அடுத்த ஆண்டே, 1657இல், கல்வி பற்றித் தாம் எழுதியன பலவற்றையும் தொகுத்து ஒரு பெருந்தொகுதியாக அச்சேற்றினார். பெரும் போதனையியல் இலத்தீன் உருவில் முதன்முதல் அச்சுக் கண்டது அத்தொகுதியிலேதான். அகராதியை அவர் மறுபடி தொடங்கவில்லை. அதற்கு ஆயுள் போதாது என்பதை அறிந்திருப்பார். எஞ்சியதை மற்றவர் கையிற் சேர்ப்பதே தம் கடன் எனக் கொண்டார் போலும். அம்முதுமையிலே போலி வருங்காலவுரைகளை நம்பி அவற்றையும் வெளியிட்டு நகைப்புக்கு ஆளானதும் உண்டு. 1670 நவம்பர் 15ஆம் நாள் காலமானார். நார்டன் என்னும் சிற்றூரில் அவர் அடக்கம் பெற்றார்.

மனித வாழ்வைத் திருத்துவது பற்றி அவர் எழுதிய பேரேடு முற்றுப்பெறாது நின்றது. அதனைப் பதிப்பிக்குமாறு மகனையும் துணைவரையும் மரணப்படுக்கையில் வேண்டியிருந்தார். அது முழுமையாக அச்சேறவில்லை, கண்மறைந்தும் போயிற்று. 1935ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் ஹாலே நகர அநாதைச் சாலை நூலகத்தில் அறிஞரொருவர் அதைக் கண்டெடுத்தார். 1966இல் பிராக் நகரில் அது முழுமையாக வெளிவந்தபோது, ஆசிரியர் மறைந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவ்வரலாற்றில் எனக்குப் பட்டது ஒன்றே. அச்சேறிப் பல ஆசிரியர் கைக்குப் போனவற்றைத் தீ தொடவில்லை. லெஷ்னோ எரிந்த நாளிலும் ஐரோப்பாவின் எத்தனையோ வகுப்பறைகளில் அவருடைய வாயில் நூல் திறந்தே இருந்தது. வீட்டில் இருந்ததுதான் எரிந்தது.

என் பதினொரு கொப்பிகளுக்கு மீள்கின்றேன். இடம்பெயர்வுக்கு இரண்டாண்டு முன் உடனாசிரியை ஒருவர் அவற்றை இரவல் கேட்டார். என் உழைப்பைப் பிறர் எடுத்தாள்வதா என்ற குறுகிய எண்ணத்தோடு, மூன்றை மட்டும் மனமின்றிக் கொடுத்தேன். எஞ்சிய எட்டையும் மறுத்தேன். அவர் மூன்றையும் கையாற் படியெடுத்து, மூலங்களைத் திருப்பித் தந்தார். 1996ஆம் ஆண்டின் இறுதியில் அவர் வேற்றூர்ப் பள்ளியிலிருந்து அப்படிகளை எனக்கு அனுப்பிவைத்தார். ஓரங்களிலே தம் வகுப்பில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று குறிப்பும் எழுதியிருந்தார். அக்குறிப்புகள் என் பாடங்களிலும் சிறந்தவை. மறுத்த எட்டும் எங்கும் இல்லை.

செக் நாட்டிலும் சுலோவாக்கியாவிலும் கொமேனியஸ் பிறந்த மார்ச் 28ஆம் நாளையே ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகின்றனர். நான் ஓய்வுபெற்றுவிட்டேன். ஆயினும் மொழியும் வரலாறும் கற்பிக்கும் இளம் ஆசிரியர்க்கான சேவைக்காலப் பயிற்சிக்கு இடையிடையே அழைக்கின்றார்கள். விரிவுரை தொடங்குமுன் என் குறிப்புக் கொப்பிகளை மேசையிற் பரப்பி வைத்துவிடுகின்றேன். வேண்டியவர் படியெடுக்கலாம். எடுப்பவர் ஓரத்திலே தம் குறிப்பையும் எழுதவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.