ஒரு நோய்க்குப் பெயர் தந்த மரணம்: நெல்லி கேர்ஷோ

பிரித்தானியாவில் பாடசாலை, வைத்தியசாலை, அலுவலகம், கடைத்தொகுதி என எந்தக் கட்டடத்தைப் பராமரிப்பவரும், அந்தக் கட்டடத்தில் எங்கெங்கே அஸ்பெஸ்டஸ் இருக்கிறது என்று எழுதிய பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். வயறிங் வேலைக்கு வருபவர் சுவரில் துளையிடும் முன்னர் அது அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். இது சட்டம். இந்தச் சட்டத்தின் வேரைத் தேடிப் போனால், ரொச்டேல் நகரில் அடையாளக் கல்கூட வைக்கப்படாத ஒரு புதைகுழியருகே போய் நிற்க நேரிடும்.

ரொச்டேல் என்றதும் எம்மவர்கள் பலருக்கு 1844ஆம் ஆண்டின் கூட்டுறவு முன்னோடிகள் நினைவுக்கு வருவார்கள். கூட்டுறவுச் சங்கங்களின் வரலாறு படித்த எவரும் அந்தப் பெயரைக் கடந்துதான் வந்திருப்பார்கள். அதே நகருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அங்கிருந்த டேர்னர் பிரதர்ஸ் நிறுவனம் 1879இல் இயந்திர வலுவால் அஸ்பெஸ்டஸ் நூல் நூற்கத் தொடங்கியது. பஞ்சைச் சிக்கெடுத்து, இழையாக்கி, நூலாக முறுக்கும் அதே தொழில்தான்; பஞ்சுக்குப் பதிலாகப் பாறையிலிருந்து பிரித்தெடுத்த நார். தீப்பிடிக்காத துணி, கொதிகலன்களுக்கான உறை என்று அதற்கு உலகெங்கும் கேள்வி இருந்தது.

நெல்லி 1891ஆம் ஆண்டளவில் ரொச்டேலில் பிறந்தவர். 1903இல், பன்னிரண்டு வயதில், படிப்பை நிறுத்திவிட்டுப் பருத்தி ஆலைக்கு வேலைக்குப் போனார். ஐந்தே மாதங்களில் அங்கிருந்து ஓர் அஸ்பெஸ்டஸ் ஆலைக்கு மாறினார். 1917 டிசம்பர் 31ஆம் திகதி டேர்னர் பிரதர்ஸ் ஆலையின் நூற்புப் பகுதியில் சேர்ந்தார். பச்சை நாரை நூலாகத் திரிப்பது அவருடைய வேலை. அந்த அறையின் காற்றில் பறந்த தூசி நாள் முழுவதும் அவருடைய மூச்சோடு உள்ளே போனது.

இந்தத் தூசி ஆபத்தானது என்பதை யாரும் அறிந்திருக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1898ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலைப் பெண் பரிசோதகர் லூசி டீன், நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இத்துகள்கள் கண்ணாடிச் சில்லுகளைப் போலக் கூராக இருப்பதையும், அவற்றைச் சுவாசிப்போருக்குத் தீங்கு நேர்வதையும் அரசாங்க அறிக்கையில் எழுதியிருந்தார். 1906இல் லண்டன் வைத்தியர் மொன்டேகு மரே, அஸ்பெஸ்டஸ் ஆலையில் வேலை செய்து 33 வயதில் இறந்த ஒருவரைப் பற்றி அரச குழுவொன்றின் முன் சாட்சியமளித்தார். தன்னோடு ஒரே அறையில் வேலை செய்த பத்துப் பேரில் எஞ்சியிருப்பவன் தான் மட்டுமே என்று அந்த நோயாளி அவரிடம் சொல்லியிருந்தார். அறிக்கைகள் அச்சாகின. ஆலைகள் தொடர்ந்து ஓடின.

நெல்லிக்கு 29 வயதில், 1920ஆம் ஆண்டு, நோயின் அறிகுறிகள் தொடங்கின. ஆனாலும் இரண்டு வருடங்கள் தொடர்ந்து வேலைக்குப் போனார். 1922 ஜூலை 22இல் வைத்தியர் வால்டர் ஸ்கொட் ஜொஸ் அவரை வேலைக்குத் தகுதியற்றவர் எனச் சான்றளித்தார். காரணம் என்ற இடத்தில் அஸ்பெஸ்டஸ் நஞ்சு என்று எழுதினார்.

அந்தச் சொல்லே நெல்லிக்கு எதிராகத் திரும்பியது. அவர் சந்தா கட்டிவந்த சுகாதாரக் காப்புறுதிச் சங்கம், தொழிலால் வந்த நோய் என்றால் எங்களிடம் உதவிப்பணம் கிடையாது, நட்டஈட்டை முதலாளியிடம் கேள் என்றது. முதலாளியோ, அப்படியொரு நோய் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலில் இல்லை, அஸ்பெஸ்டஸ் நஞ்சே அல்ல, ஒரு தொகையும் தர முடியாது என்று மறுத்தது. ஒன்பது வாரங்களாக வீட்டில் ஒரு பென்னியும் வரவில்லை, உடல் தேற நல்ல சாப்பாடு வேண்டும், என் விடயத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டு நெல்லி தானே நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். நிறுவனத்தின் நிலைப்பாடு மாறவில்லை. ஏமாற்றுவது கூட இங்கே தேவைப்படவில்லை; பட்டியலில் அந்த நோய் இல்லை என்பதே போதுமாக இருந்தது.

1924 மார்ச் 14இல் நெல்லி இறந்தார். வயது 33. அடக்கச் செலவுக்கு உதவினால் அது பின்னால் வருவோருக்கு முன்னுதாரணமாகிவிடும் என்று நிறுவனம் அதையும் மறுத்தது. ரொச்டேல் மயானத்தில் ஏழைகளுக்கான இடத்தில் அவரைப் புதைத்தார்கள்.

மரண விசாரணையில் ஜொஸ், இவ்வாறான நோயாளிகளை வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேரைத் தான் பார்ப்பதாகச் சொன்னார். நெல்லியின் நுரையீரலை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்த நோயியல் வைத்தியர் வில்லியம் குக், பழைய காசநோயின் தழும்புகளோடு கனிமத் துகள்களும் இருப்பதைக் கண்டார். அவற்றை அஸ்பெஸ்டஸ் மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, நுரையீரல் இறுகியதற்கும் மரணத்துக்கும் முதன்மைக் காரணம் அவையே என்று முடிவு செய்தார். அதே ஆண்டு ஜூலையில் பிரித்தானிய மருத்துவ இதழில் அவருடைய கட்டுரை வெளியானது. 1927இல் அவர் அந்த நோய்க்கு அஸ்பெஸ்டோசிஸ் என்ற பெயரையும் தந்தார்.

பெயர் கிடைத்த பின்னர் அரசாங்கத்தால் பார்க்காதிருக்க முடியவில்லை. தொழிற்சாலை மருத்துவப் பரிசோதகர் மெரிவெதர் 363 தொழிலாளரைப் பரிசோதித்ததில் 95 பேருக்கு இந்த நோய் இருந்தது. அவரும் பொறியியல் பரிசோதகர் பிரைஸும் 1930இல் கொடுத்த அறிக்கையின் விளைவாக 1931ஆம் ஆண்டின் அஸ்பெஸ்டஸ் தொழில் ஒழுங்குவிதிகள் வந்தன. தூசியை உறிஞ்சி வெளியேற்றுவது, மருத்துவப் பரிசோதனை, நட்டஈடு எல்லாம் முதன்முறையாகச் சட்டமாகின. நெல்லி இறந்து ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன.

ஆனால் அந்த விதிகள் குறிப்பிட்ட சில ஆலை வேலைகளோடு நின்றுவிட்டன. அஸ்பெஸ்டஸ் ஆலை வாசலைத் தாண்டி வந்த பிறகு அதை வெட்டிய தச்சர், குழாய்க்குச் சுற்றிய தொழிலாளி, கூரைக்கு அடித்தவர் யாரையும் அவை கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் எழுந்த பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் உட்கூரைப் பலகையாக, தூண்களின் பூச்சாக, கொதிகலன் உறையாக அது நிறைந்தது. 1960இல் தென்னாபிரிக்காவிலிருந்து வந்த ஆய்வு, நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதெலியோமா புற்றுநோயை அஸ்பெஸ்டஸோடு தொடர்புபடுத்தியது. இந்த நோய் பல தசாப்தங்கள் மறைந்திருந்து வெளிவரும். இன்றும் பிரித்தானியாவில் வருடந்தோறும் 2,000க்கும் மேற்பட்டோர் இதனால் இறக்கின்றனர். நீல, பழுப்பு வகைகள் 1985இலும் வெள்ளை வகை 1999இலும் அங்கே தடைசெய்யப்பட்டன.

தடை, ஏற்கெனவே சுவருக்குள் இருப்பதை அகற்றிவிடாது. அதனால்தான் 2002ஆம் ஆண்டின் விதிகள், குடியிருப்பு அல்லாத கட்டடங்களின் பொறுப்பாளர் மீது ஒரு கடமையைச் சுமத்தின. 2004இல் நடைமுறைக்கு வந்த அந்தக் கடமை இன்று 2012ஆம் ஆண்டின் விதிகளில் தொடர்கிறது. அவர் அஸ்பெஸ்டஸ் உள்ள இடங்களைத் தேடிக் கண்டறிய வேண்டும். சந்தேகம் இருந்தால் இருப்பதாகவே கருத வேண்டும். அதன் நிலையைக் குறித்து, இடையிடையே மீளப் பார்க்க வேண்டும். அதைத் தொடக்கூடிய எவருக்கும் சொல்லவும் வேண்டும். நல்ல நிலையில் இருப்பதைப் பெயர்க்காமல் விடுவதே பெரும்பாலும் பாதுகாப்பு. உடைக்கும்போதும் அரியும்போதும்தான் நார் பறக்கிறது. நெல்லியின் நோய் எந்தப் பட்டியலிலும் இல்லாததால் அவர் கைவிடப்பட்டார் என்பதை நினைத்தால், எழுதிவைப்பதில் இந்தச் சட்டம் காட்டும் பிடிவாதம் புரியும்.

எங்கள் பாடசாலைகள் பலவற்றின் கூரை இன்னமும் அஸ்பெஸ்டஸ் சீற்தான். 2018 முதல் அதன் இறக்குமதியைத் தடுக்க இலங்கை எண்ணியிருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகக் கூறி, எமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. அதன் பின்னர் அந்தத் தடை தள்ளிவைக்கப்பட்டது.

ரொச்டேலில் ஆலை மூடப்பட்டுவிட்டது. அது நின்ற பள்ளத்தாக்கில் 600க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டும் திட்டமொன்று 2004இல் முன்வைக்கப்பட்டபோது, மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்று நகர மக்கள் கேள்வி எழுப்பினார்கள். நகர சபை 2011இல் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. அதற்கு முன்னர், 2006ஆம் ஆண்டு தொழிலாளர் நினைவு தினத்தை ஒட்டி, அந்த நகரில் நெல்லிக்கு ஒரு நினைவுக்கல் வைக்கப்பட்டது.