போத்தனூர் பேரன் ஆலன் டூரிங்

கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கிற நாம எல்லாரும் கேள்விப்பட்ட பெயர்தான் ஆலன் டூரிங். ஆனா அவருடைய தாயார் பிறந்தது நம்ம கோயம்புத்தூர் பக்கத்துப் போத்தனூரில் என்று தெரிஞ்சப்ப என்னால நம்ப முடியலை.

தாத்தா எட்வர்ட் வாலர் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயில் தலைமை இன்ஜினியர். அவர் மகள் எதெல் சாரா 1881-ல் போத்தனூரில் பிறந்தார். அப்பா ஜூலியஸ் மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் ஜான் 1908-ல் குன்னூரில் பிறந்தார். ஆலன் மட்டும் 1912 ஜூன் 23-ந் தேதி லண்டனில் பிறந்தார். குழந்தைக்கு ஒரு வயசு தாண்டினதும் தாயார் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிட்டாங்க. பிள்ளைகள் ஒரு ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியின் வீட்டில் வளர்ந்தார்கள். பெற்றோர் முகம் பார்ப்பது எப்பவோ ஒரு தடவைதான்.

1926-ல் புதுப் பள்ளியில் சேரப் போன நேரம், நாடு முழுக்க வேலைநிறுத்தம், ரயில் இல்லை. 13 வயசுப் பையன் துறைமுகத்திலிருந்து 60 மைல் சைக்கிள் மிதிச்சுப் போய்ச் சேர்ந்தான். பஸ் ஸ்டிரைக் என்றால் லீவு போடுகிற நாம யோசிக்க வேண்டிய விஷயம்!

கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். 1936-ல் ஒரு கட்டுரை எழுதினார். அப்போ வயசு 23. கம்ப்யூட்டர் என்ற மெஷினே இல்லாத காலம். மனசுக்குள்ளேயே ஒரு மெஷினைக் கட்டி, அதால் எதை முடிக்க முடியாது என்பதையும் நிரூபிச்சுட்டார். எந்த புரோகிராமைக் கொடுத்தாலும் அது எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே தப்பில்லாமல் தீர்ப்புச் சொல்லும் பொதுவான வழி கிடையாது என்பதே அதன் சாரம்.

இரண்டாம் உலகப் போரில் போலந்துக் கணித வல்லுநர்கள் தொடங்கி வைத்த வேலையைத் தொடர்ந்து, ஜெர்மனியின் எனிக்மா ரகசியச் செய்திகளை உடைக்கும் மெஷினை வடிவமைத்தார். பல வருஷம் இது வெளியே தெரியாது. ஓர் ஆணோடு உறவு வைத்ததற்காக அதே நாடு 1952-ல் அவரைக் குற்றவாளி ஆக்கியது. சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசி. 1954 ஜூன் 7-ந் தேதி சயனைடு விஷத்தால் இறந்தார், வயசு 41. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2009-ல். கேட்டு என்ன, ஆள் போயாச்சு.

1984-ல் பிரெட் கோஹன் என்ற ஆராய்ச்சி மாணவர் டூரிங்கின் வழியிலேயே யோசித்து, எல்லா வைரஸையும் பிழையில்லாமல் பிடிக்கும் ஸ்கேனர் எழுதவே முடியாது என்று காட்டினார். ஒரு புரோகிராம் ஸ்கேனரிடமே 'நான் வைரஸா' என்று கேட்கட்டும். ஆமாம் என்றால் சும்மா இருக்கும், இல்லை என்றால் பரவும். ஸ்கேனர் எதைச் சொன்னாலும் தப்பாகிடும்!

அப்போ என்ன செய்வது? எங்க அம்மா வேலை பார்க்கிற பட்டாசு ஆலையில் செய்வதுதான். பீடி, தீப்பெட்டி இருக்கா என்று கேட்லயே சோதனை. காலையில சோதிச்ச ஆளானாலும் வெளிய போய்ட்டு வந்தா மறுபடி சோதனை. கம்ப்யூட்டரில் அந்த கேட் கெர்னல். எந்த ஃபைலைத் திறந்தாலும், எழுதினாலும் அதைத் தாண்டித்தான் போகணும். லினக்ஸ் கெர்னலில் 2011 ஜனவரியில் வந்த 2.6.37 பதிப்பு முதல் ஃபேனோடிஃபை என்ற வசதி இயங்குகிறது. ஃபைலைத் திறக்கப் போனால் கெர்னல் நிறுத்தி வைத்து ஸ்கேனரிடம் கேட்கும். சரி என்றால்தான் விடும். சுத்தமான ஃபைலை அடுத்த தடவை கேட்காதே என்று ஸ்கேனர் குறித்து வைக்கலாம். யாராவது அதில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கெர்னல் அந்தக் குறிப்பை அழித்துவிடும், திரும்பவும் சோதனை. விண்டோஸிலும் இதே வேலைக்கு ஃபில்டர் டிரைவர் உண்டு.

போன வருஷம் பிரிண்ட் எடுக்கப் போன கடையில் என் பென்டிரைவ் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிப்போச்சு. அந்தக் கம்ப்யூட்டரில் ஸ்கேனரை ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க, வேகமா ஓடணுமாம். கேட்ல ஆளே இல்லை!

இந்தக் கதையெல்லாம் அம்மாகிட்ட ராத்திரி சொன்னேன். கெர்னல் சட்டென்று புரிஞ்சுது. ஆனா ஒரு வயசுப் பிள்ளையை விட்டுட்டு அந்தம்மா எப்படிக் கப்பல் ஏறினாங்க என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாங்க.