ம.இ.கா.வின் முதல் தலைவர் ஜான் திவி

ம.இ.கா. தலைவர்களின் பெயரைச் சொல்லச் சொன்னால், நம்மில் பலர் துன் சம்பந்தனிலிருந்துதான் தொடங்குவார்கள். உண்மையில் அவர் ஐந்தாவது தலைவர். கட்சியைத் தொடங்கி முதல் தலைவராக இருந்தவர் ஜான் அலோசியஸ் திவி என்ற வழக்கறிஞர்.

1904-இல் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் பிறந்தவர் திவி. வசதியான குடும்பம். சட்டம் படிக்க லண்டன் போனார். 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்காக காந்தியடிகள் அங்கு வந்தபோது அவரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்புக்குப் பிறகு இந்திய விடுதலைப் போராட்டத்தில் ஈடுபாடு கொண்டார். 1932-இல் சட்டப் படிப்பை முடித்து, பிறகு மலாயா திரும்பி வழக்கறிஞர் தொழில் செய்தார்.

அந்தக் காலத்தில் கோட்டுப் போட்ட வழக்கறிஞருக்கும் பால்மரம் சீவும் தொழிலாளிக்கும் நடுவே பெரிய தூரம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனத் தொழிலாளிக்கு இணையான சம்பளம் வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்று கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று! பட்டாளத்தைக் கொண்டு அரசு அதை அடக்கியது. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அதே ஆண்டின் இறுதியில் ஜப்பானியர் வந்தார்கள். தோட்டத் தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். இன்னொரு பக்கம் நேதாஜியின் அழைப்பை ஏற்று லயத்துப் பிள்ளைகளும் படித்தவர்களும் ஒரே அணியில் நின்றார்கள். 1943 அக்டோபர் 21-ஆம் தேதி சிங்கப்பூரில் நேதாஜி அறிவித்த ஆசாத் ஹிந்த் அரசில் திவி ஆலோசகர்களில் ஒருவர். அதற்கான விலையையும் கொடுத்தார். போர் முடிந்து திரும்பிய பிரிட்டிஷார் அவரைச் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள்.

விடுதலையாகி வந்தபோது மலாயா இந்தியர்களுக்குக் குரல் கொடுக்க அமைப்பு இல்லை. நாதனைப் போன்றவர்கள் நாட்டில் இல்லை. மலாயன் யூனியன் 1946 ஏப்ரலில் தொடங்கியும் எதிர்ப்பு வலுத்ததால், பிரிட்டிஷார் சுல்தான்களோடும் அம்னோவோடும் புதிய ஏற்பாடு பேசிக் கொண்டிருந்தார்கள். யார் குடிமகன் என்பதே அங்கே முக்கியக் கேள்வி. அந்த மேசையில் இந்தியர்களுக்கு நாற்காலி இல்லை. இந்த நிலையில்தான் 1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் கூடிய மாநாட்டில் மலாயா இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. திவி தலைவரானார்.

பேச்சுவார்த்தையில் இடம் கிடைக்காத மற்ற அமைப்புகளும் அப்போது ஒன்று சேர்ந்தன. டான் செங் லோக் தலைமையில் அமைந்த அந்தக் கூட்டுச் செயற்குழுவில் ம.இ.கா.வும் இணைந்தது. மலாயாவையே தாயகமாகக் கொண்டவர்கள் எல்லாருக்கும் சமமான குடியுரிமை வேண்டும் என்பது அதன் கோரிக்கை.

ஆனால் திவி அதிக நாள் இருக்கவில்லை. 1947-இல் இந்திய அரசின் மலாயாப் பிரதிநிதியாக நியமனம் பெற்று, கட்சித் தலைமையை விட்டு விலகினார். புத் சிங் அடுத்த தலைவரானார். இந்தியா சுதந்திரம் பெற்ற வேளையில், அதற்காகச் சிறை சென்றவர் அந்த அழைப்பை ஏற்றதில் வியப்பில்லை. ஆனாலும், மலாயாதான் நம் நாடு என்று வாதாட வேண்டிய கட்சிக்கு, மலாயாவில் பிறந்த முதல் தலைவரே டில்லியின் பிரதிநிதியாகப் போனது நெருடலான விஷயம்தான். தாயகம் எது என்ற அந்தக் குழப்பம் அவர் ஒருவருடையது மட்டுமல்ல. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலும் கிள்ளான் தோட்டங்களிலும் அன்று வீட்டுக்கு வீடு இருந்தது.

அவர் விட்டுச் சென்ற கட்சியும் வெகுகாலம் ஆங்கிலம் பேசும் படித்தவர்களின் மன்றமாகவே இருந்தது. 1955-இல் சம்பந்தன் தலைமைக்கு வந்த பிறகுதான் தோட்டப்புற மக்கள் பெருமளவில் அதில் சேர்ந்தார்கள்.

திவி பிறகு இந்தியாவின் தூதராக வெளிநாடுகளில் பணியாற்றி, 1959-இல் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மலாயா மெர்டேக்கா கண்டிருந்தது. அதற்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு என்றானது. முன்பே பிறந்தவர்களில் பலர் மனுப் போட வேண்டியிருந்தது. அதைப் போடாமலே விட்டவர்கள் தோட்டங்களில் நிறைய இருந்தார்கள்.