கணவனைச் சுட்ட கதாநாயகி

இங்கிலீஷ் மர்மப் படங்களில் வரும் அழகிகள் பலர், ஆண்களைக் குற்றத்தில் தள்ளும் மோகினிகள். தமிழில் வந்த மர்மப் படம் ஒன்றில், குற்றவாளி கணவன், தடுத்தவள் மனைவி. அந்த மனைவியாக நடித்தவர் பண்டரிபாய்.

கர்நாடகத்தில் உள்ள பட்கலில் பிறந்தவர். இளம் வயதில் ஹரிகதை செய்தார். 1943-ல் 'வாணி' என்ற கன்னடப் படத்தில் தோன்றினார். 1952-ல் 'பராசக்தி'யில் சிவாஜி கணேசனுக்கு ஜோடியானார். சிவாஜிக்கு அதுதான் முதல் படம்.

தாலியா, தாய்நாடா?

1954-ல் ஏவி.எம்.மின் 'அந்த நாள்' வந்தது. டைரக்டர் எஸ். பாலச்சந்தர். படத்தில் பாட்டும் இல்லை, நடனமும் இல்லை!

யுத்த காலத்துச் சென்னை. ரேடியோ என்ஜினீயர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். சுட்டது யார்? சி.ஐ.டி. அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்கிறார். கடைசியில் உண்மை வெளிவருகிறது. ராஜன் ஜப்பானுக்கு ரகசியங்களை விற்றவன். அதை அறிந்த மனைவி உஷா துடிக்கிறாள். அவள் கைத் துப்பாக்கியாலேயே அவன் உயிர் போகிறது. ராஜனாக நடித்தவர் சிவாஜி. உஷாவின் தவிப்பைப் பண்டரிபாய் கண்களிலேயே காட்டினார்.

மனைவியும் தாயும்

போகப் போகத் தாய் வேடங்களே அவரைத் தேடி வந்தன. 1969-ல் 'தெய்வ மகன்'. சிவாஜிக்கு மூன்று வேடம். பண்டரிபாய் ஒரு சிவாஜிக்கு மனைவி. மற்ற இருவருக்கும் தாய்! 1992-ல் 'மன்னன்' படத்தில் ரஜினிகாந்தின் தாயாக வந்தார்.

2003 ஜனவரியில் காலமானார். அவரை அம்மாவாகவே அறிந்தவர்கள், ஒரு முறை உஷாவையும் பார்க்க வேண்டும்.