அபே ரோட் இசைக்கூடத்தைத் திறந்து வைத்தவர்

இலண்டனில் அபே ரோட் வீதியின் 3ஆம் இலக்க இல்லத்தை இசைப்பிரியர்களாகிய நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1962 முதல் பீற்றில்ஸ் குழுவினர் அங்கு பாடிப் பதிவுசெய்ததால் அதன் பெயர் உலகெங்கும் பரவியது. ஆனால் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தை 1931 நவம்பர் 12ஆம் திகதி தொடக்கி வைத்தவர் எழுபத்துநான்கு வயதான ஒரு கத்தோலிக்கர் என்பதை அறிவீர்களா? அவர்தான் சேர் எட்வேர்ட் எல்கர்.

1857இல் இங்கிலாந்தின் வூஸ்ரர் நகருக்கு அண்மையில் அவர் பிறந்தார். தந்தையார் இசைக்கருவிக் கடை நடத்தினார். பியானோக்களுக்குச் சுருதி கூட்டினார். புனித ஜோர்ஜ் கத்தோலிக்க ஆலயத்தில் ஓர்கன் வாசித்தார். பதினைந்து வயதில் பள்ளியை விட்ட எட்வேர்ட் எந்த இசைக்கல்லூரியிலும் பயின்றவரல்லர். கடையிலிருந்த இசைநூல்களே அவருக்கு ஆசான்களாயின. 1885இல் தந்தையின் ஓர்கன் பணி மகனுக்கு வந்தது. நாற்பது வயதைக் கடந்த பின்னரே புகழ் அவரைத் தேடி வந்தது. மரித்த ஆன்மா இறைவனை நாடிச் செல்வதைக் கூறும் கர்தினால் நியூமனின் கவிதைக்கு 1900இல் அவர் இசையமைத்தார். 1904இல் சேர் பட்டம் பெற்றார்.

கிராமபோன் பெட்டியை அவர் அற்பமாக எண்ணவில்லை. 1914இலேயே தமது இசையைத் தாமே நடத்திப் பதிவு செய்தார். அப்போது ஒலிவாங்கி இல்லை. வாத்தியக்காரர் ஒரு பெரிய குழலின் முன் நெருங்கியிருந்து வாசிக்க வேண்டும். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் நான்கு நிமிட இசையே அடங்கும். ஒலிவாங்கி வந்ததும், 1926 முதல் தம் பெரும் படைப்புகளை மீண்டும் பதிவு செய்யத் தொடங்கினார். 1932இல் அபே ரோட்டில் பதினாறு வயது யெகுதி மெனுகின் வயலின் வாசிக்க, எல்கர் இசைக்குழுவை நடத்தினார்.

1934 ஜனவரி 22ஆம் திகதி அவர் வூஸ்ரரில் புற்றுநோயால் படுக்கையில் கிடந்தார். அவரால் கூடத்துக்கு வர இயலாததால், கூடமே அவரிடம் சென்றது! தொலைபேசிக் கம்பி வழியாக இலண்டன் இசைக்குழுவின் வாசிப்பு அவரது அறையில் ஒலித்தது. படுக்கையிலிருந்தே அவர் திருத்தங்கள் சொன்னார். பெப்ரவரி 23ஆம் திகதி கண்மூடினார். லிற்றில் மோல்வேர்ன் கத்தோலிக்க ஆலய வளவில், மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அன்பான வாசகர்களே, ஏட்டில் எழுதிய சுரங்களை எவரும் வாசிக்கலாம். ஆனால் அவற்றை எங்கே விரைவுபடுத்த வேண்டும், எங்கே தாழ்த்த வேண்டும் என்று அவற்றைப் படைத்தவர் தம் உள்ளத்தில் கொண்டிருந்ததை ஏடு முழுவதும் சொல்லாது. நோயிலும் கடமை மறவாத அந்த முதியவரின் உழைப்பினால், இன்றும் அதை நாம் இசைத்தட்டில் கேட்கிறோம்.