ஆழிக்குமரன் ஆனந்தன்

விரைவினால் புகழ் பெறுவோர் உளர். வலிமையினால் புகழ் பெறுவோரும் உளர். அயராமையினால் புகழ் பெற்றோர் மிகச் சிலரே. ஓட்டப் பந்தயம் சில நொடிகளில் முடிந்துவிடும். பசி, உறக்கம், சோர்வு ஆகிய மூன்றையும் நாட்கணக்கில் எதிர்த்து நிற்பதோ எல்லார்க்கும் இயல்வதன்று. அவ்வரிய ஆற்றல் வாய்க்கப் பெற்றவர் குமார் ஆனந்தன். மக்கள் அவரை அன்புடன் ஆழிக்குமரன் என்று அழைத்தனர்.

ஆனந்தன் 1943 ஆம் ஆண்டில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவர். அது கடலோடிகள் வாழும் ஊர். கப்பல் கட்டுதலும் கலம் செலுத்துதலும் அவ்வூரார்க்கு வழிவழி வந்த தொழில்கள். ஊரின் வடக்கே பாக்கு நீரிணை பரந்து கிடக்கிறது. அதற்கு அப்பால் தமிழகத்தின் கோடிக்கரை. ஆனந்தன் சிறுவராயிருந்தபோது, 1954 ஆம் ஆண்டில், நவரத்தினசாமி அந்நீரிணையை நீந்திக் கடந்து பெரும்புகழ் எய்தினார். ஊரே கொண்டாடிய அவ்வெற்றி இளைஞர் பலர் உள்ளத்தில் ஆர்வத்தை விதைத்தது.

ஆனந்தன் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். விளையாட்டு அவர்க்குப் பொருளீட்டும் தொழிலன்று. உள்ளம் விரும்பி மேற்கொண்ட நோன்பு. 1971 ஆம் ஆண்டில் அவர் இலங்கைக் கரையிலிருந்து தமிழகக் கரைக்கு நீந்தி, அங்கிருந்து மீண்டும் இலங்கைக் கரைக்கே நீந்தி மீண்டார். இதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் 51 மணி. ஒருமுறை கடப்பதே அரிது. எதிர்க்கரையைக் கண்டதும் கால்கள் ஓய்வை நாடும். அந்நிலையில் உடலைத் திருப்பி, வந்த வழியே மறுபடியும் செலுத்துதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நீரில் வென்றவர் நிலத்திலும் தம் உறுதியைச் சோதிக்க விரும்பினார். 1979 ஆம் ஆண்டு மே மாதத்தில், கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி நிறுத்தாமல் மிதிவண்டி ஓட்டத் தொடங்கினார். பகல் போயிற்று; இரவு போயிற்று; வண்டி நிற்கவில்லை. 187 மணி 28 நிமிடங்கள், அஃதாவது ஏறத்தாழ எட்டு நாட்கள், அவ்வண்டி ஓடிற்று. உலக சாதனைகளைத் தொகுக்கும் கின்னஸ் நூல் இச்செயலைப் பதிவு செய்தது.

மிதிவண்டியின் இயல்பு தனித்தன்மை உடையது. ஓடும்வரை அது நிமிர்ந்து நிற்கும். ஓட்டம் நின்றால் சாய்ந்து விழும். ஆகவே நெடுநேரம் ஓட்டுவோர்க்குத் தொடையின் வலியும் இடுப்பின் நோவும் மட்டுமே பகையல்ல, உறக்கமே பெரும்பகை. இமை ஒரு கணம் மூடினும் வண்டி தடம் மாறும். அளவறிந்து மிதித்தலும், வேண்டிய பொழுது சிறிது சிறிதாக உணவும் நீரும் கொள்ளுதலும், விரைவை விட்டு ஒரே சீராகச் செல்லுதலும் இத்தகைய முயற்சிக்கு இன்றியமையாதவை. இவை ஒரு நாளில் வந்தெய்துவன அல்ல. இடைவிடாத பயிற்சியின் பயனே ஆகும்.

ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நின்றதும், நீரில் 80 மணி நேரம் மிதந்ததும் அவருடைய பிற அருஞ்செயல்களாம்.

இறுதியாக, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட ஆங்கிலக் கால்வாய் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். 1875 ஆம் ஆண்டில் மாத்தியூ வெப் என்பவர் அதனை முதன்முதலாக நீந்திக் கடந்தார். இந்தியரான மிகிர் சென் 1958 ஆம் ஆண்டிலும், ஆரத்தி சாகா 1959 ஆம் ஆண்டிலும் அதனை வென்றனர். அங்கே தொலைவினும் கொடியது குளிர். பாக்கு நீரிணையின் நீர் வெதுவெதுப்பானது. கால்வாய் நீரோ கோடையிலும் உடலின் வெப்பத்தை விரைந்து கவர்வது. வெப்பம் குறையக் குறையக் கைகால்கள் விறைக்கும், அறிவும் மயங்கும். அதனால், அங்கு நீந்த விழைவோர் குளிர்ந்த நீரில் நெடுநாள் பழகுதல் மரபாயிற்று.

இவ்விடர்களை எதிர்கொள்ளத் துணிந்து, 1984 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆனந்தன் கால்வாயில் இறங்கினார். அக்கரையை அவர் காணவில்லை. முயற்சியின் நடுவே, 41 ஆம் வயதில், கடலே அவர் உயிரைக் கொண்டது. செய்தி கேட்ட தமிழ் மக்கள் ஆறாத்துயர் உற்றனர்.

கடல் எவருடைய பழைய வெற்றிகளையும் கணக்கிற் கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் மனிதனைப் புதியவனாகவே ஏற்கிறது. இதனை அறிந்தும் அஞ்சாது சென்றவர் ஆனந்தன். உடலைப் பேணிப் பழக்குதலும், ஓய்வின் அருமை உணர்தலும், இயற்கையின் வலிமையை மதித்தலும் வீரர்க்கு வேண்டிய பண்புகள். அவற்றோடு தளராத ஊக்கமும் சேரும்போது எளிய மனிதனும் எத்துணை உயரம் எட்டலாம் என்பதற்கு ஆழிக்குமரனின் வாழ்வே சான்றாக விளங்குகிறது.