தந்தை ஒப்படைத்த அமானிதம்



கங்கைக் கரையில் அமைந்த பாட்னா நகருக்கு என்றேனும் நீங்கள் செல்ல நேர்ந்தால், அங்குள்ள ஒரு நூலகத்தைக் காணாமல் திரும்பாதீர்கள். அதன் வளாகத்திலேயே ஓர் அடக்கத்தலம் உண்டு. அங்கே துயில் கொள்பவர் அரசரல்லர். படை நடத்தியவரும் அல்லர். அவர் ஒரு வழக்கறிஞர். வாழ்நாள் முழுதும் தாம் திரட்டிய கிதாபுகளின் அருகிலேயே அடக்கமாகியுள்ள மௌலவி குதா பக்ஷ் அவர்களே அவர்.

மரணப் படுக்கையில் ஒரு பொறுப்பு

1842 ஆகஸ்டு 2 ஆம் நாள் பீகாரில் பிறந்தவர் குதா பக்ஷ். அவருடைய தந்தையார் முஹம்மது பக்ஷ், பாட்னாவில் வழக்கறிஞராக விளங்கியவர். கையெழுத்துச் சுவடிகள் மீது தணியாத ஆர்வம் கொண்டவர். முன்னோர் விட்டுச் சென்ற 300 சுவடிகளை 1400 ஆகப் பெருக்கியவர். 1876 இல் மரணப் படுக்கையில் இருந்தபோது அவர் மகனை அருகே அழைத்தார். இச்சுவடிகளை மேலும் பெருக்க வேண்டும், மக்கள் அனைவரும் பயன்பெறும் நூலகம் ஒன்றை அமைக்க வேண்டும் என்று கேட்டுக் கொண்டார்.

சற்றே எண்ணிப் பாருங்கள். தந்தை இறந்தால் சொத்து நமக்கு என்பதுதான் உலக வழக்கம். இங்கோ, மகன் அடைந்தது சொத்தன்று; அமானிதம். அதைக் காக்கவும் பெருக்கவும் தம் கைப்பொருளையே செலவிட வேண்டிய நிலை. வறுமையையும் பேஷ்கார் உத்தியோகத்தையும் கண்டு, அரிதின் முயன்று வழக்கறிஞராக உயர்ந்த குதா பக்ஷ் அப்பொறுப்பை மனமுவந்து ஏற்றார்.

தேடிச் சேர்த்த செல்வம்

அக்காலம் எத்தகையது தெரியுமா? 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் டில்லியிலும் லக்னோவிலும் பேரரசர்களும் நவாபுகளும் போற்றிக் காத்த நூற்களஞ்சியங்கள் சூறையாடப்பட்டுச் சிதறிக் கிடந்தன. திருக்குர்ஆன் விரிவுரைகளும், நபிமொழித் தொகுப்புகளும், ஃபிக்ஹுச் சட்ட நூல்களும் விலை அறியாதவர் கைகளில் சிக்கின. எஞ்சியவை கடல் கடந்து போய்க் கொண்டிருந்தன.

குதா பக்ஷ் காத்திருக்கவில்லை. முஹம்மது மக்கி என்ற அரபியரை மாதம் 50 ரூபாய் ஊதியத்திலும் தரகுத் தொகையிலும் அமர்த்தினார். அவர் 18 ஆண்டுகள் அரபு நாடு, சிரியா, எகிப்து, ஈரான் எங்கும் அலைந்து அரிய சுவடிகளைத் தேடி அனுப்பினார். சுவடி விற்க வருவோர் எவராயினும், வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அவருக்கு இருமடங்கு ரயில் கட்டணம் வழங்குவது குதா பக்ஷின் வழக்கம் என்று வரலாற்றறிஞர் ஜதுநாத் சர்க்கார் எழுதி வைத்துள்ளார். பிறகு, விற்பவர்கள் பாட்னாவைத் தேடி வராமல் வேறு எங்கே போவார்கள்?

ஒருமுறை நூலகத்தின் சிறந்த சுவடிகள் சில களவு போயின. திருடியவர் அவற்றை லாகூர்த் தரகர் ஒருவரிடம் சேர்ப்பித்தார். அந்தத் தரகரோ, இத்தகைய நூல்களை உரிய விலை கொடுத்து வாங்கக் கூடியவர் யாரென்று ஆராய்ந்து, குதா பக்ஷுக்கே கடிதம் எழுதினார்! இழந்த செல்வம் இவ்வாறு இல்லம் திரும்பியது.

சோதனையும் உறுதியும்

சுவடிகள் 4000 ஆயின. 1891 இல் கட்டடத்தையும் சுவடிகளையும் பொது மக்களுக்கு உரிமையாக்கி எழுதிக் கொடுத்தார். அவ்வாண்டு அக்டோபரில் வங்காளத்தின் துணை ஆளுநர் சர் சார்லஸ் எலியட் நூலகத்தைத் திறந்து வைத்தார். சாதி, சமய வேறுபாடின்றி எவரும் வந்து படிக்கலாம் என்பது அதன் நியதி.

பிரிட்டிஷ் மியூசியம் பெருந்தொகை கொடுத்து அச்சுவடிகளை வாங்க முன்வந்தது. ஒரே நாளில் செல்வந்தராகி இருக்கலாம். ஆனால் தந்தையிடம் ஏற்ற பொறுப்பை விலை பேச அவர் இசையவில்லை.

அந்நாளில் அவர் கண்ட கனவொன்று பலராலும் சொல்லப்படுகிறது. நூலகத் தெருவில் மக்கள் வெள்ளம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நூலகத்திற்கு வருகை தந்துள்ளார்கள் என்று கூறுகின்றனர். விரைந்து ஓடிச் சென்று பார்த்தால், பெருமானார் புறப்பட்டுப் போய்விட்டார்கள்; ஹதீஸ் சுவடிகள் இரண்டு மட்டும் மேசைமேல் திறந்து கிடக்கின்றன. விழித்தெழுந்த குதா பக்ஷ், அவ்விரு சுவடிகளும் ஒருபோதும் நூலகத்தை விட்டு வெளியே செல்லக் கூடாது என்று அவற்றிலேயே குறித்து வைத்தார்.

கடனில் கழிந்த இறுதிக் காலம்

1895 முதல் 1898 வரை ஹைதராபாத் நிஜாமின் தலைமை நீதிபதியாகப் பணியாற்றினார். நிறைய ஈட்டினார், ஈட்டியது யாவும் கிதாபுகளாயிற்று. இறுதியில் பக்கவாத நோய் அவரைப் பற்றியது. ஹைதராபாத்தில் தலைமை நீதிபதியாக வீற்றிருந்தவருக்குக் கடனை அடைக்க வழியில்லை. அரசு 8000 ரூபாய் வழங்கி அக்கடனைத் தீர்த்தது. நூலகச் செயலாளருக்கான 200 ரூபாய் மாத ஊதியமே அவருக்கு ஆதாரமாயிற்று. 1908 ஆகஸ்டு 3 ஆம் நாள் அவர் வபாத்தானார்.

அவர் தோற்றுப் போனவரா? நீங்களே சொல்லுங்கள். 1969 இல் இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, குதா பக்ஷ் நூலகத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. இன்று அங்கே 21,000க்கும் மேற்பட்ட சுவடிகள் உள்ளன. தைமூர் வம்ச வரலாற்றைக் கூறும் ஓவியச் சுவடி ஒன்று உலகில் வேறெங்கும் இல்லாதது. மார்க்கக் கல்வி பயில்வோரும், பல்கலைக் கழக ஆய்வாளர்களும், பிற சமய அறிஞர்களும் இன்றளவும் அங்கு வந்து பயனடைகின்றனர். பயன் தரும் கல்வியை விட்டுச் செல்வோருக்கு மறைவுக்குப் பின்னும் நன்மை தொடர்கிறது என்பது நம் மார்க்கம் காட்டும் உண்மையன்றோ!

அருமை வாசகர்களே! உங்கள் இல்லத்துப் பெட்டியிலும் பாட்டனார் ஓதிய கிதாபு ஒன்று, அரபுத் தமிழ்ச் சுவடி ஒன்று கிடக்கலாம். கரையான் அரிக்கும் முன் அதை எடுத்துத் தூசி தட்டுங்கள். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். காக்க இயலாதெனில், காக்கக் கூடிய மதரஸாவிடமோ கல்லூரி நூலகத்திடமோ ஒப்படையுங்கள். அது உங்களுக்கு வந்த சொத்தன்று. உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.